பரம்பரையலகுத் தரவுகளும் புள்ளிவிபரப் பயிற்சியும்: ஒரு நிரை பிசகியதன் விலை

நோயாளியின் உடலிலிருந்து எடுக்கப்படும் சிறியதொரு இழையத் துண்டிலிருந்து ஆயிரக்கணக்கான அளவீடுகளை ஒரே தடவையில் பெறும் நிலையை இன்றைய மருத்துவம் அடைந்துள்ளது. இவ்வளவீடுகளை வழங்கும் இயந்திரங்களின் ஆற்றல் குறித்தும் அவற்றினால் விளையவிருக்கும் நன்மைகள் குறித்தும் அதிகம் பேசப்படுகின்றது. ஆனால், இயந்திரம் தரும் எண்களை வாசித்து அவற்றின் பொருளை எடுத்துரைப்பவர் அதற்குரிய பயிற்சியைப் பெற்றவரா என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. புற்றுநோயாளி ஒருவருக்கு எந்த மருந்து வழங்கப்பட வேண்டும் என்ற தீர்மானம் வரை செல்லும் வினா இது. அமெரிக்காவில் 2006 ஆம் ஆண்டுக்கும் 2010 ஆம் ஆண்டுக்கும் இடையில் நடந்தேறிய ஒரு சம்பவம் இதனைக் கசப்பான முறையில் உணர்த்தியிருக்கின்றது.

அதற்கு முன்னர், பரம்பரையலகு வெளிப்பாடு என்றால் என்ன என்பதை நோக்குவது அவசியம். மனித உடலின் ஏறத்தாழ எல்லாக் கலங்களிலும் ஒரே டி.என்.ஏ. தான் உள்ளது. புரதங்களை ஆக்குவதற்கான ஏறத்தாழ 20,000 பரம்பரையலகுகள், அதாவது ஜீன்கள், அதில் பொதிந்துள்ளன. அப்படியாயின் ஈரற் கலமும் நரம்புக் கலமும் ஏன் வேறுபடுகின்றன? ஒவ்வொரு கலத்திலும் சில பரம்பரையலகுகள் மாத்திரம் விழித்திருந்து வேலை செய்கின்றன, ஏனையவை உறங்குகின்றன. வேலை செய்யும் பரம்பரையலகு தூது ஆர்.என்.ஏ. எனும் பிரதியை உருவாக்கி அனுப்புகின்றது. அப்பிரதிகளின் அளவைக் கணிப்பதே பரம்பரையலகு வெளிப்பாட்டை அளவிடுதல் எனப்படுகின்றது. புற்றுநோய்க் கலத்தில் எவை விழித்துள்ளன, எவை உறங்குகின்றன என்பதை அறிந்தால், அந்நோயின் போக்கையும் அதற்கேற்ற மருந்தையும் முன்கூட்டியே அறியலாம் என்பது விஞ்ஞானிகளின் எதிர்பார்ப்பாகும்.

1995 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கண்ணாடித் தகடொன்றின் மீது பரம்பரையலகுத் துணுக்குகளைப் புள்ளிகளாகப் பதித்துப் பலவற்றை ஒரே நேரத்தில் அளவிடும் முறையை வெளியிட்டனர். நுண்சில்லு என அறியப்படும் இத்தொழில்நுட்பம் விரைவில் உலகெங்கும் பரவியது. 2008 ஆம் ஆண்டளவில் ஆர்.என்.ஏ. பிரதிகளை நேரடியாக வாசித்து எண்ணும் முறை அறிமுகமாகி, பின்னர் நுண்சில்லுகளின் இடத்தைப் பெருமளவில் பிடித்துக்கொண்டது. கருவி மாறிய போதிலும் கிடைக்கும் தரவின் வடிவம் மாறவில்லை. ஒவ்வொரு நிரையும் ஒரு பரம்பரையலகு, ஒவ்வொரு நிரலும் ஒரு நோயாளி என அமைந்த பெரும் அட்டவணையே அது.

சிக்கல் இந்த அட்டவணையின் வடிவத்திலேயே ஆரம்பமாகின்றது. புள்ளிவிபரவியலின் மரபான முறைகள் பெரும்பாலும் பல நூறு பேரிடம் சில அளவீடுகளை எடுக்கும் ஆய்வுகளுக்காக உருவானவை. இங்கோ நிலைமை தலைகீழானது. நோயாளிகள் சில பத்துப் பேர், அளவீடுகளோ இருபதாயிரம். இத்தகைய தரவில் தற்செயல் நிகழ்வுகள் உண்மைக் கண்டுபிடிப்புகளின் வேடத்தில் தோன்றுவது தவிர்க்க முடியாதது.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். 20,000 மாணவர்கள் எதையும் படிக்காமல் பரீட்சைக்கு வந்து, சரி அல்லது பிழை எனக் குறிக்கும் பத்து வினாக்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடையளிக்கின்றனர் என வைத்துக்கொள்வோம். அவர்களில் ஏறத்தாழ இருபது பேர் பத்துக்குப் பத்துப் புள்ளிகளைப் பெறுவர். அவ்விருபது பேரை மட்டும் மேடையேற்றி இவர்களே அறிஞர்கள் என அறிவித்தால் அது எவ்வளவு நகைப்புக்குரியதோ, இருபதாயிரம் பரம்பரையலகுகளில் நோயுடன் பொருந்துவதாகத் தோன்றும் சிலவற்றைப் பொறுக்கியெடுத்து நோயின் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்பதும் அவ்வாறானதே. நூற்றுக்கு ஐந்து என்ற வழமையான எல்லையைப் பின்பற்றினால், எவ்வித வேறுபாடும் இல்லாத 20,000 பரம்பரையலகுகளில் சுமார் 1,000 பரம்பரையலகுகள் வேறுபாடு உள்ளவையாகத் தவறாகக் காட்டப்படும்.

இதற்கான பரிகாரம் நீண்ட காலமாகவே உள்ளது. இஸ்ரேலியப் புள்ளிவிபரவியலாளர்களான பெஞ்சமினி, ஹொச்பெர்க் ஆகிய இருவரும் 1995 ஆம் ஆண்டு வெளியிட்ட முறை, கண்டுபிடிப்புகள் என அறிவிக்கப்படுபவற்றில் எத்தனை வீதம் பொய்யானவையாக இருக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்த உதவுகின்றது. இன்று இத்துறையின் அன்றாடக் கருவி அதுவே. பரிகாரம் இருப்பது ஒருபுறமிருக்க, அது ஏன் தேவை என்பதை ஆய்வாளர் அறிந்திருக்க வேண்டும் என்பதே பயிற்சியின் முதற்படியாகும்.

முறையாகச் செய்யப்பட்ட ஆய்வு எவ்வாறிருக்கும் என்பதற்கு 1999 ஆம் ஆண்டில் வெளியான குருதிப் புற்றுநோய் ஆய்வு நல்லதோர் எடுத்துக்காட்டு. டொட் கோலப் தலைமையிலான அமெரிக்க ஆய்வாளர்கள் 38 நோயாளிகளின் மாதிரிகளைக் கொண்டு இருவகைக் குருதிப் புற்றுநோய்களை வேறுபடுத்தும் 50 பரம்பரையலகுகளைத் தெரிவு செய்தனர். பின்னர் அத்தெரிவில் எவ்விதப் பங்கும் வகிக்காத வேறு 34 மாதிரிகளில் அதனைச் சோதித்தனர். அவற்றுள் 29 மாதிரிகளுக்கு உறுதியான முடிவு கிடைத்தது. அவை அனைத்தும் சரியாக இருந்தன. எஞ்சியவற்றுக்கு உறுதியான முடிவு கூற இயலவில்லை என்று அவர்கள் வெளிப்படையாகவே தெரிவித்தனர். கற்றுக்கொள்ளப் பயன்படுத்திய தரவில் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளாமை, அறியாததை அறியாதது என ஒப்புக்கொள்ளல் ஆகிய இரண்டுமே இவ்வாய்வின் வலிமையாக அமைந்தன.

இனி, தவறாகிப்போன சம்பவத்துக்கு வருவோம். 2006 ஆம் ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அனில் பொட்டி, ஜோசப் நெவின்ஸ் முதலானோர் 'நேச்சர் மெடிசின்' சஞ்சிகையில் ஒரு கட்டுரையை வெளியிட்டனர். ஆய்வுகூடத்தில் வளர்க்கப்படும் புற்றுநோய்க் கலங்களில் எவை ஒரு மருந்துக்குப் பணிகின்றன, எவை எதிர்த்து நிற்கின்றன என்பதை ஒப்பிட்டு, அவற்றின் பரம்பரையலகு வெளிப்பாட்டிலிருந்து நோயாளி ஒருவருக்கு எந்த மருந்து பலனளிக்கும் என முன்கூட்டியே கூறலாம் என்பது அதன் சாராம்சமாகும். புற்றுநோய் மருத்துவர்கள் பல தசாப்தங்களாகக் காத்திருந்த செய்தி அது. இயல்பாகவே பெரும் வரவேற்புக் கிடைத்தது.

டெக்ஸாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரிலுள்ள எம்.டி. அன்டர்சன் புற்றுநோய் நிலையத்தின் மருத்துவர்களும் இம்முறையைத் தமது நோயாளிகளுக்குப் பயன்படுத்த விரும்பினர். அதற்கு முன் அதனைச் சரிபார்த்துத் தருமாறு, அங்கு பணியாற்றிய கீத் பகர்லி, கெவின் கூம்ஸ் ஆகிய இரு புள்ளிவிபரவியலாளர்களைக் கேட்டுக்கொண்டனர். கட்டுரையில் கூறப்பட்ட வழிமுறைகளைப் பின்பற்றிய அவர்களால் அதே பெறுபேற்றைப் பெற முடியவில்லை. எனவே, என்ன செய்திருந்தால் இப்பெறுபேறு கிடைத்திருக்கும் எனப் பின்னோக்கித் துப்பறிய ஆரம்பித்தனர்.

அவர்கள் கண்டறிந்தவை அதிர்ச்சியூட்டுபவை. கட்டுரையில் வெளியிடப்பட்ட பரம்பரையலகுப் பட்டியல்கள் பல ஒரு நிரை கீழே இறங்கியிருந்தன. பயன்படுத்திய மென்பொருள், அட்டவணையின் முதல் நிரையில் தலைப்பு இராது என எதிர்பார்த்தது. கொடுக்கப்பட்ட கோவையிலோ தலைப்பு இருந்தது. விளைவாக, ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்துப் பரம்பரையலகின் பெயர் ஒட்டிக்கொண்டது. இது மட்டுமன்று. சில தரவுகளில் மருந்துக்குப் பணியும் கலம், எதிர்க்கும் கலம் என்ற அடையாளங்கள் இடம் மாறியிருந்தன. பட்டியலில் குறிப்பிடப்பட்ட சில அடையாள எண்கள், ஆய்வில் பயன்படுத்திய சில்லிலேயே இடம்பெறாதவையாக இருந்தன. அடையாளம் இடம் மாறுவதன் பொருளைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். எந்த மருந்து பலனளிக்காதோ அதே மருந்து நோயாளிக்குச் சிபாரிசு செய்யப்படும் அபாயம் அங்கே இருந்தது.

2007 ஆம் ஆண்டு இவர்கள் தமது ஐயங்களை அதே சஞ்சிகையில் கடிதமாக வெளியிட்டனர். டியூக் ஆய்வாளர்கள் தமது முறை சரியானதே எனப் பதிலளித்தனர். அதேவேளை இம்முறையை அடிப்படையாகக் கொண்டு நோயாளிகளுக்கு மருந்தைத் தெரிவு செய்யும் மூன்று மருத்துவப் பரீட்சார்த்தங்கள் டியூக்கில் ஆரம்பமாகின. நூற்றுக்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகள் அவற்றில் சேர்க்கப்பட்டனர். இதனை அறிந்த பகர்லியும் கூம்ஸும் 2009 இல் விரிவான கட்டுரையொன்றைப் புள்ளிவிபரவியல் சஞ்சிகையொன்றில் வெளியிட்டனர். அவ்வாண்டு ஒக்டோபரில் பரீட்சார்த்தங்கள் இடைநிறுத்தப்பட்டன. எனினும், பல்கலைக்கழகம் நடத்திய மீளாய்வின் பின்னர் 2010 ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் அவை மீண்டும் தொடங்கப்பட்டன.

இறுதியில் அவற்றை நிறுத்தியது புள்ளிவிபரவியலாளரின் சான்று அன்று என்பதே வேதனைக்குரிய விடயம். 2010 ஜூலையில், பொட்டி தமது சுயவிபரக் கோவையில் ரோட்ஸ் புலமைப்பரிசில் பெற்றதாகக் குறிப்பிட்டிருந்தது உண்மையல்ல என்பதை 'த கான்சர் லெட்டர்' எனும் செய்தி மடல் அம்பலப்படுத்தியது. அதன் பின்னரே எல்லாம் வேகமாக நடந்தன. பரீட்சார்த்தங்கள் கைவிடப்பட்டன. பொட்டி நவம்பரில் பதவி விலகினார். கட்டுரைகள் ஒன்றன்பின் ஒன்றாக மீளப்பெறப்பட்டன. ஆய்வில் பொய்யான தரவுகள் சேர்க்கப்பட்டிருந்தன என அமெரிக்க அரசின் ஆய்வு நேர்மைக்கான அலுவலகம் 2015 இல் முடிவு செய்தது. பொட்டி அதனை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. நோயாளிகளினதும் அவர்களது குடும்பத்தினரதும் வழக்குகளும் அதே ஆண்டில் இணக்கத்துக்கு வந்தன.

இவ்விவகாரத்தில் மற்றொரு தகவலும் கவனத்துக்குரியது. அந்த ஆய்வுகூடத்தில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த மருத்துவ மாணவர் ஒருவர், பகுப்பாய்வு முறைகள் நம்பகமானவையல்ல என்பதை 2008 ஆம் ஆண்டிலேயே எழுத்து மூலம் சுட்டிக்காட்டியிருந்தார் என்பது 2015 இல் வெளியே தெரியவந்தது. கேள்வி கேட்கும் அளவுக்குப் பயிற்சி பெற்ற ஒருவர் உள்ளேயே இருந்திருக்கின்றார். அவரது குரலுக்குச் செவிசாய்க்கும் பயிற்சி மேலே இருந்தவர்களுக்கு இருக்கவில்லை.

வேண்டுமென்றே செய்யப்படும் மோசடியைப் பயிற்சியினால் மட்டும் தடுத்துவிட முடியாது என்பது உண்மையே. ஆனால், மேற்கூறிய பிசகுகளில் பல, நேர்மையான எந்த ஆய்வாளரும் விடக்கூடியவை. நிரை பிசகுவதற்கும் அடையாளம் மாறுவதற்கும் உயர் கணிதம் தேவையில்லை. இலகுவான பிசகுகளே அதிகம் நிகழ்கின்றன. அவையே இலகுவில் மறைந்தும் விடுகின்றன. இருபதாயிரம் நிரைகளுள் ஏதோ தவறு இருப்பதாக எவரது கண்ணுக்கும் படுவதில்லை.

அன்றாட அலுவலக மென்பொருளான எக்ஸெல் இதற்கு மற்றொரு சான்று. 'மார்ச் 1', 'செப்ட் 2' எனும் குறுகிய பெயர்களைக் கொண்ட பரம்பரையலகுகள் இருந்தன. எக்ஸெல் அவற்றைத் திகதிகள் எனக் கருதி, மார்ச் மாதம் முதலாம் திகதி, செப்டெம்பர் இரண்டாம் திகதி எனத் தானாகவே மாற்றிவிடும். இப்பிரச்சினை 2004 ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டப்பட்டது. அவ்வாறிருந்தும், 2016 இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் பரிசோதித்தபோது, எக்ஸெல் வடிவில் பரம்பரையலகுப் பட்டியல்களை இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இத்தவறு காணப்பட்டது. ஈற்றில் பரம்பரையலகுகளுக்குப் பெயர் சூட்டும் சர்வதேசக் குழுவே அப்பெயர்களை மாற்ற நேர்ந்தமை 2020 இல் தெரியவந்தது.

இன்னொரு வகைப் பிசகு இதனிலும் நுட்பமானது. சமூக ரீதியில் ஆபத்தானதும் கூட. 2007 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, ஐரோப்பிய வம்சாவளியினருக்கும் சீன, ஜப்பானிய இனத்தவர்களுக்கும் இடையில் நான்கில் ஒரு பங்கு பரம்பரையலகுகளின் வெளிப்பாடு வேறுபடுவதாகத் தெரிவித்தது. அதே ஆண்டிலேயே வேறு ஆய்வாளர்கள் அத்தரவுகளை மீண்டும் நோக்கினர். ஐரோப்பிய வம்சாவளியினரின் மாதிரிகள் பெரும்பாலும் 2003, 2004 ஆம் ஆண்டுகளிலும், ஆசியர்களின் மாதிரிகள் 2005, 2006 ஆம் ஆண்டுகளிலும் அளவிடப்பட்டிருந்தமை தெரியவந்தது. ஆய்வுகூடத்தின் இரசாயனப் பொருள், வெப்பநிலை, பணியாளர் எனப் பலவும் காலத்துடன் மாறுபவை. ஆகவே காணப்பட்ட வேறுபாட்டில் இனத்துக்குரியது எவ்வளவு, காலத்துக்குரியது எவ்வளவு எனப் பிரித்தறிய வழியிருக்கவில்லை. இன வேறுபாடு பிறப்பிலேயே உள்ளது எனும் செய்தி ஒரு தடவை அச்சேறிவிட்டால் அது எவ்வாறெல்லாம் கையாளப்படும் என்பதை இந்நாட்டு வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இவ்வனுபவங்களிலிருந்து, ஆய்வாளர்களுக்கு எத்தகைய பயிற்சி தேவை என்பது தெளிவாகின்றது. முதலாவது, பரிசோதனை தொடங்கும் முன்னரே அதனைத் திட்டமிடும் பயிற்சி. நோயாளிகளின் மாதிரிகளை ஒரு நாளிலும் ஆரோக்கியமானவர்களின் மாதிரிகளை மற்றொரு நாளிலும் அளவிட்டால், பின்னர் எந்தக் கணிதமும் அதனைச் சீர்செய்ய உதவாது. இரண்டாவது, ஆயிரக்கணக்கான சோதனைகளை ஒரே வேளையில் செய்யும்போது எழும் பொய்க் கண்டுபிடிப்புகளைக் கட்டுப்படுத்தும் பயிற்சி. மூன்றாவது, கற்கும் தரவையும் சோதிக்கும் தரவையும் கண்டிப்பாக வேறுபடுத்தி வைக்கும் ஒழுக்கம். நான்காவது, பகுப்பாய்வின் ஒவ்வொரு படியையும் வேறொருவர் அப்படியே மீளச் செய்து பார்க்கக்கூடியவாறு கட்டளைகளாக எழுதி வைக்கும் பழக்கம்.

நான்காவது விடயம் மிகவும் முக்கியமானது. டியூக் விவகாரத்தைத் தொடர்ந்து 2012 இல் அமெரிக்க மருத்துவ நிறுவகம் வெளியிட்ட அறிக்கையும், தரவுகளும் கணினிக் கட்டளைகளும் பிறர் பரிசோதிக்கக் கிடைக்க வேண்டும் என்பதையும், நோயாளிகளிடம் பயன்படுத்து முன்னர் பகுப்பாய்வு முறை முற்றாக நிர்ணயிக்கப்பட்டு உறுதிசெய்யப்பட வேண்டும் என்பதையும் வலியுறுத்தியது. இதற்கான கருவிகளும் உள்ளன. நியூஸிலாந்தின் ஒக்லாந்து பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாகா, ரொபர்ட் ஜென்டில்மன் ஆகியோர் 1990 களில் உருவாக்கிய 'ஆர்' எனும் கணினி மொழியும், அதன் மீது 2001 இல் ஆரம்பிக்கப்பட்ட 'பயோகொண்டக்டர்' எனும் மென்பொருட் தொகுதியும் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன.

தேர்ச்சி பெற்ற புள்ளிவிபரவியலாளர் ஒருவரை அமர்த்திக்கொண்டால் போதாதா, உயிரியல் ஆய்வாளர் ஏன் இதனைக் கற்க வேண்டும் எனச் சிலர் வினவலாம். புள்ளிவிபரவியலாளர் பெரும்பாலும் பரிசோதனை முடிந்த பின்னரே அழைக்கப்படுகின்றார். அப்போது அவரால் நோயின் காரணத்தைக் கூற முடியுமே தவிர, நோயாளியைக் காப்பாற்ற முடியாது. மேலும் இருவருக்கும் பொதுவானதொரு மொழி இல்லாவிடின் ஒருவரது பிசகை மற்றவர் கண்டுகொள்ள மாட்டார். மென்பொருளே எல்லாவற்றையும் தானாகச் செய்துவிடும் என்ற வாதமும் இத்தகையதே. இன்று ஒரே நோயாளியின் பல்லாயிரம் கலங்களைத் தனித்தனியே அளவிடும் தொழில்நுட்பம் வந்துள்ளது. ஆனால், ஒரு நோயாளியின் பல்லாயிரம் கலங்கள் பல்லாயிரம் நோயாளிகளுக்குச் சமமாகா. இதனை மறந்து செய்யப்படும் பகுப்பாய்வுகள் பெருமளவில் பொய்க் கண்டுபிடிப்புகளைத் தருகின்றன என்பதை 2021 இல் வெளியான ஆய்வு காட்டியது. புதிய கருவி பழைய பிசகுக்குப் புதிய வாசலைத் திறந்துவிடுகின்றது.

முறையான பகுப்பாய்வினால் விளையும் நன்மையையும் குறிப்பிடுவது நியாயமானது. மார்பகப் புற்றுநோய்க்கான 21 பரம்பரையலகுகளைக் கொண்ட பரிசோதனையொன்று, 10,000 இற்கும் மேற்பட்ட பெண்கள் பங்குபற்றிய பாரிய பரீட்சார்த்தத்துக்கு உட்படுத்தப்பட்டு, அதன் முடிவுகள் 2018 இல் வெளியிடப்பட்டன. சத்திரசிகிச்சையின் பின்னர் ஹோர்மோன் சிகிச்சை பெறும் ஆரம்ப நிலை நோயாளிகளில், இப்பரிசோதனையில் இடைநிலைப் புள்ளியைப் பெற்ற பெரும்பாலானோருக்கு, குறிப்பாக ஐம்பது வயதுக்கு மேற்பட்டோருக்கு, கடுமையான இரசாயன மருந்துச் சிகிச்சையினால் மேலதிகப் பலன் இல்லை என்பது உறுதியாயிற்று. அதனால் எத்தனையோ பெண்கள் தேவையற்ற வேதனையிலிருந்து தப்பினர். டியூக்கில் பயன்பட்டதும் இங்கு பயன்பட்டதும் அடிப்படையில் ஒரே வகைத் தரவுதான். அதனைக் கையாண்ட ஒழுக்கமே வேறுபட்டது.

எமது நாட்டைப் பொறுத்தவரை இதில் சிந்திக்க வேண்டியதொன்று உள்ளது. உயர்தரத்தில் உயிரியல் பிரிவைத் தெரிவு செய்யும் மாணவர் இணைந்த கணிதத்தைக் கற்பதில்லை. கணிதப் பிரிவு மாணவர் உயிரியலைக் கற்பதில்லை. பதினாறு, பதினேழு வயதில் எழுப்பப்படும் இச்சுவர் பல்கலைக்கழகம் வரை தொடர்கின்றது. மருத்துவராகவோ உயிரியல் ஆய்வாளராகவோ வரவிருப்பவர் சாதாரண தரக் கணிதத்துடன் நின்றுவிட்டு, பின்னர் புள்ளிவிபரவியலைப் பரீட்சைக்கான சூத்திரங்களாக மனனம் செய்யும் நிலை மாற வேண்டும்.

இதற்குப் பெருந்தொகைப் பணம் தேவையில்லை. அளவிடும் இயந்திரங்கள் விலையுயர்ந்தவை. ஆனால், பகுத்தாராயும் மென்பொருள் இலவசம். உலகின் ஆய்வுகூடங்கள் வெளியிடும் பரம்பரையலகு வெளிப்பாட்டுத் தரவுகளும் 2000 ஆம் ஆண்டு முதல் அமெரிக்க அரசின் பொதுக் களஞ்சியத்தில் எவரும் பெற்றுக்கொள்ளக்கூடியதாக உள்ளன. யாழ்ப்பாணத்திலோ ஒலுவிலிலோ பேராதனையிலோ கற்கும் மாணவர் ஒருவர் சாதாரண கணினியொன்றில் வெளியான ஆய்வொன்றின் தரவை இறக்கி, அதன் முடிவைத் தாமே மீளப் பெற முடிகின்றதா எனப் பரிசோதிக்கலாம். ஹூஸ்டனில் அவ்விருவரும் செய்ததும் இதுவே. விரிவுரையாளர்கள் சூத்திரங்களைக் கற்பிப்பதுடன் நின்றுவிடாது, இத்தகைய மீள்சோதனையைப் பட்டப்படிப்பின் ஒரு பகுதியாக்க வேண்டும். கிடைத்த பெறுபேறு கட்டுரையுடன் பொருந்தாதபோது, தன்னை மட்டுமன்றிக் கட்டுரையையும் சந்தேகிக்கும் துணிவு மாணவருக்கு வர வேண்டும். அதனைச் செவிமடுக்கும் பெருந்தன்மை ஆசிரியருக்கு வர வேண்டும். மருந்துக்காகக் காத்திருக்கும் நோயாளிக்கு அட்டவணையின் நிரைகளைச் சரிபார்க்க வழியில்லை. அவருக்காக அதனைச் செய்யக் கடமைப்பட்டவர்கள் ஆய்வாளர்களே.